செமாலாம்

காதில் ஆரஞ்சு நுரைத் தக்கை.
கையில் அட்டை.
தட்டுக்குத் தட்டு தேதி எழுத வேண்டும்.
பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஓர் இரவுக்கு ஒரே தேதிதான்:
ஏழு மணிக்கு எதில் நுழைந்தோமோ அது.
நடுச்சாமம் தாண்டினாலும் அதுவே.
விடிய விடிய பதின்மூன்று எழுதினேன்.
நானூறு பதின்மூன்று இருக்கும்.
வீட்டுக்கு வந்து படுத்தபோதும்
எனக்குப் பதின்மூன்றுதான்.

கச்சேரி பதினான்கு.

கைப்பேசி சொல்லியிருக்குமே என்பீர்கள்.
மூன்று நாளாய் அது அரிசி டின்னுக்குள் கிடந்தது.
சிங்கப்பூரில் எதில் தொடங்கினார்கள், எதில் முடித்தார்கள் என்று
தவமலர் அனுப்பிக்கொண்டே இருப்பாள்.
முதல் தடவை அனுமதி கிடைக்கவில்லை,
இரண்டாம் தடவை டிரம்மர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டான்,
பத்தொன்பது வருடம் பொறுத்தவள்
கடைசிப் பாட்டை முன்கூட்டியே தெரிந்துகொள்வதா?

பகலெல்லாம் தூங்கினேன். அன்றிரவு எனக்கு ஓய்வு.
எட்டேகாலுக்கு
கறுப்பு டீசட்டையை உள்பக்கம் திருப்பி
இஸ்திரி போட்டேன், எழுத்து உருகிவிடாமல்.
அந்த எட்டேகாலைத்தான்
இப்போது திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்:
தெற்கே முன்னூற்றைம்பது கிலோமீட்டரில்
விளக்கெல்லாம் அணைந்திருக்கும்,
எல்லாரும் கத்தியிருப்பார்கள்.
நான் கையோரச் சுருக்கத்தில்
தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் தம்பி அமிர்தனைக் கூப்பிட்டு
சூப்பர்வைசர் நோர்லிடாவிடம் சொல்லச் சொன்னேன்:
அக்காவுக்கு வயிறு சரியில்லை.
ஓய்வு நாளிலேயே கச்சேரி இருந்தது.
அந்தப் பொய்கூட வீண்.

சுங்கை நிபோங்கில் பஸ் டிக்கெட் வாங்கினேன்.
தேதி போட்டிருந்தது. நேரத்தை மட்டும் பார்த்தேன்.
எல்ஆர்டியில் கறுப்புச் சட்டை நான் ஒருத்திதான்.
சீக்கிரம் வந்துவிட்டோம், முன்வரிசை கிடைக்கும் என்று
சந்தோஷம் வேறு.

புக்கிட் ஜாலில் அரங்கத்தின் கதவு திறந்தே கிடந்தது.
மேடையில் பாதி இல்லை.
மீதியை லாரி பின்னோக்கி வந்து
சட்டம் சட்டமாய் வாங்கிக்கொண்டிருந்தது.
வயர் சுருட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத்துப் பையன்
என் சட்டையைப் பார்த்தான்,
பிளாஸ்டிக் உறைக்குள் மடங்காத நுழைவுச்சீட்டைப் பார்த்தான்.
ஆஸ்பத்திரி வராந்தாக் குரலில்
செமாலாம், காக், என்றான்.

நேற்று, அக்கா.
மலிவு விடுதிப் பலகைகளில் அதே சொல்லுக்கு
ஓர் இரவு என்று பொருள்.
அறுபது ரிங்கிட், செமாலாம்.
எனக்கு இரண்டும் சேர்ந்தே கேட்டது.

எப்படி இருந்தது, என்றேன். வேறென்ன கேட்பது?
அவன் சிரித்தான்.
சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான்:
இரண்டு நுரைத் தக்கை. அதே ஆரஞ்சு.
பிறகு குனிந்து தன் பூட்சைத் தட்டி
இங்கே கேட்டது, என்றான்.

தரையில் ஒளி போன கைவளையங்கள்,
ஜோடி இல்லாத ஒரு செருப்பு, மிதிபட்ட போத்தல்கள்.
கம்பியோரம் வரை நடந்தேன்.
யாரும் தடுக்கவில்லை.
கம்பி வெயிலில் சுட்டது.

டின்னிலிருந்து எடுத்த கைப்பேசியில்
தவமலரின் அறுபத்தொரு செய்திகள்.
எங்கேடி இருக்க?
வலதுபக்கம், கம்பியோரம் நிக்கிறேன்.
உனக்கும் இடம் பிடிச்சிருக்கேன்.
தள்ளுறானுங்கடி, சீக்கிரம் வா.
பாட்டுகளின் பெயர் இருந்த செய்திகளை
இன்னும் திறக்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய இரவு
வயிறு எப்படி இருக்கிறது என்று நோர்லிடா கேட்டார்.
இன்னும் வலிக்கிறது, என்றேன்.
தேதி எழுதுமுன் சுவரைப் பார்த்தேன்.
கடிகாரம் இருந்தது. அதில் மணி மட்டும்தான்.
பக்கத்து ஆளிடம் கேட்டுப் பதினாறு எழுதினேன்.
மெஷின் ஓடத் தொடங்கியது.
தக்கையை அழுத்திவிட்டு
காலணிக்குள் விரல்களை
விரித்து வைத்துக்கொண்டேன்.